வேல்விழி இறக்கிய கொக்குகள்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் வேல்விழியும் கணவன் சக்திகுமாரும் ஒரே அசெம்பிளி லைனில் நின்றவர்கள். வாலாஜாபாத் ரோட்டில் லாரி மோதி அவன் போன பிறகு, அந்த லைனில் நிற்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "திருநெல்வேலிக்கே வந்துரு" என்ற வீட்டாரிடம் முடியாது என்றாள். ட்ரோன் ஓட்டக் கற்று, ஏரிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்தாள். ட்ரோன் படம் எடுக்கும், ஏ.ஐ. எண்ணும், அவள் சரிபார்த்து, கணக்குக்குக் கீழே தன் பேரைப் போட வேண்டும்.

வேலை கொடுத்தது ஏரியை ஒட்டிய தொழிற்சாலை. அதன் கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்று ஊரில் புகார். பறவை பெருகியிருக்கிறது என்று அரசுக்கு அறிக்கை போனால் புகார் அதோடு அமுங்கிவிடும்.

இந்தத் தடவை எண்ணூறு கொக்கு என்றது ஏ.ஐ. வேல்விழி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கரையோரக் கருவேல முள்ளிலெல்லாம் வெள்ளை கேரி பேக். திருத்தினாள். மேனேஜர் நரசிம்மன் பழையபடியே மாற்றினார்.

"மிஷினே கொக்குன்னு சொல்லுது. நடுவுல நீ இன்னாம்மா?"

"காத்துக்குப் படபடங்குது சார், அவ்வளவுதான்."

"றெக்க மாதிரி ஆடுதில்ல? விடு."

"அப்ப என் துப்பட்டாவையும் சேத்து எண்ணிக்கிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "வேல வேணுமா, வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழி மாடத்தியை இழுத்துக்கொண்டு, தொரட்டியோடு ஏரிக்குப் போனாள்.

"ஏட்டி, கெடைக்கதே ஒருநா லீவு. அதுலயும் குப்ப பொறுக்க வைக்கியே, வெளங்குவியா?"

"கொக்கு புடிக்கோம்ட்டி. பேசாம சாக்கப் புடி."

முள் கீறிக் கையெல்லாம் ரத்தம். பொழுது சாய்வதற்குள் ஒரு கேரி பேக் மிச்சமில்லை. மறுநாள் அதே உயரத்தில், அதே பாதையில் ட்ரோனை விட்டாள். ஏ.ஐ. எண்ணியது: முப்பத்தொன்று.

"யாரக் கேட்டு ஏரில கை வெச்ச?" என்று கத்தினார் நரசிம்மன்.

"ஏரியச் சுத்தமா வைப்போம்னு நம்ம போர்டுலயே எழுதியிருக்கே சார்."

"வாயப் பாரு! பழைய கணக்குதான் போவும்."

"போகட்டும். எம் பேர எடுத்துட்டு உங்க பேரப் போட்டு அனுப்புங்க."

பழைய கணக்கைத் திறந்து கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கை கீபோர்டு வரை வந்தது. திரையில் கொக்கென்று நின்ற பைகளை ஒருமுறை பார்த்தார். கை மெல்லப் பின்வாங்கியது.

"இன்னியோட நின்னுக்கோ."

"நின்னுக்கிடுதேன் சார். இத அனுப்பிட்டு."

முப்பத்தொன்றுக்குக் கீழே தன் பேரைப் போட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள்.