மூன்றாவது ஆள்

வந்தவர்களை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று தெருவெல்லாம் பேசுகிறார்களே, அதில் பாதிதான் நிஜம். விட்டுவிட்டுப் போனாள், ஒத்துக்கொள்ளலாம். அம்போவென்று விடவில்லை, ஓடவுமில்லை. ஏன் போனாள் என்று கேட்டுவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும். அதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அவளுக்கு வெளிநாட்டில் சலவைக் கம்பெனி வேலை. ஹோட்டல்களிலிருந்து வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்பு வரும். துவைத்த ஈர விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துச் சூட்டு உருளைக்குள் நேராக விட வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சுருக்கம் விழும். திரும்ப ஈரம் பண்ணி முதலிலிருந்து விட வேண்டும். அதனால் ஊரில் அவளுக்கு இஸ்திரி என்றே பேராகிவிட்டது. ஆறு வருஷம் கம்பெனி விடுதியில் எட்டுப் பேரோடு ஒரே அறை, மேல்கட்டில். ஒருத்தி இருமினால் எட்டுப் பேருக்கும் தூக்கம் போய்விடும். அப்புறம்தான் தனியாக மாடியில் ஓர் அறை பிடித்தாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒற்றை அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குழாய்தான் தெரியும். இருந்தாலும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் அது அவளுடைய தாழ்ப்பாள்.

அங்கேதான் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி புருஷனோடு வந்தாள். சோடாபுட்டி என்று அந்தக் காலத்தில் எல்லோரும் கூப்பிட்ட கண்ணாடிக்காரி. அவள் புருஷன் தையல்காரர். அவருடைய அக்கா மகன் அதே நாட்டில் வேறு ஊரில் இருந்தான். அவனைப் பார்க்கப் போகிற வழியில், "ரெண்டு நாள் உன்கூட இருந்துட்டுப் போறோம்டி" என்று போன் பண்ணினாள்.

இஸ்திரி கீழே இறங்கி வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாள், அறைக்கு இரண்டு பேர்தான் கணக்கு, மூன்றாவது ஆள் எத்தனை நாள் என்று கேட்டாள். இஸ்திரி இரண்டு விரலைக் காட்டினாள். அங்கேதான் தப்பு நடந்தது. நம் வாயில் ரெண்டு நாள் என்றால் நாலும் ஆகும், எட்டும் ஆகும். அந்த ஊர்ப் பாஷையில் இரண்டு என்றால் இரண்டேதான்.

கட்டிலை வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு மேஜைக்கு அடியில் காலை நீட்டி அவள் தரையில் படுத்தாள். மூன்றாம் நாள் கண்ணாடிக்காரி பையை எடுத்தாள்.

"நாளைக்குக் கிளம்பலாம்னு பார்க்கறோம்டி."

"அதுக்குள்ளயா? கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டா வந்தீங்க?"

யோசித்துச் சொன்னதில்லை. அம்மா சொன்னது, அத்தை சொன்னது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. தையல்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். "தங்கச்சி இவ்வளவு சொல்லுது. போனா மனசு கஷ்டப்படும்" என்றார். பை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போனது. ஐந்தாம் நாளும் இதே பேச்சு, இதே பதில்.

எட்டாம் நாள் வீட்டுக்காரம்மா படியேறி வந்தாள். சத்தம் போடவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று பேரில் ஒருவர் குறைய வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி பண்ணிவிடு என்று நிதானமாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். கண்ணாடிக்காரிக்குப் பாஷை புரியவில்லை. "நல்ல அம்மாடி, விசாரிக்க வந்தாங்களா?" என்றாள்.

"ஆமாம்டி, நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க."

வெள்ளிக்கிழமை உருளைக்குப் பக்கத்தில் நின்று விரிப்பு மடிக்கிற அக்காவிடம் கொட்டித் தீர்த்தாள். ஆறு வருஷம் காத்திருந்து பிடித்த அறைக்கு ஒரு நாள்தான் பாக்கி.

"டிக்கெட் எப்போன்னு கேளேன்."

"கேட்டேன்க்கா. 'எங்களால உனக்குத் தொந்தரவாடி?'ன்னு திருப்பிக் கேக்கறா."

"தொந்தரவுதான்னு சொல்லு."

"வந்தவங்கள போன்னு எப்படிக்கா சொல்றது?"

"அப்ப தெருவுல நில்லு. வாய் உன்னோடதுதானே, யார்கிட்டயாவது இரவல் வாங்கினியா?"

இஸ்திரி நாலு விரிப்பு விட்டாள். ஒன்றில்கூடச் சுருக்கம் விழவில்லை. ஐந்தாவதைக் கையில் பிடித்தபடி, "விடுதியில கட்டில் காலி இருக்காக்கா?" என்றாள்.

"மேல்கட்டில்தான் இருக்கு. யாருக்கு?"

"ஒருத்தர் குறையணும்னுதானே அந்தம்மா சொன்னாங்க. யாருன்னு சொல்லலையே."

அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "உன் வாய விடக் கால் தேவலை போல" என்றாள்.

சனிக்கிழமை காலையில் சாதம் வடித்து, குழம்பு வைத்து மூடினாள். இரண்டு சேலையையும் தலையணையையும் பையில் திணித்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் கண்ணாடிக்காரி.

"கம்பெனியில ஆள் பத்தல. அங்கயே தங்கச் சொல்லிட்டாங்க."

"நாங்க இருக்கும்போதா? அப்ப நாங்களும் கிளம்பறோம்டி."

இப்போதாவது சரி என்று சொல்லியிருக்கலாம். இதைவிட நல்ல சமயம் வராது. அவள் சொன்னது, "நீங்க எதுக்கு? உங்க வீடு மாதிரி இருங்க. போகும்போது சாவிய கீழ்வீட்டு அம்மாகிட்ட கொடுத்துடுங்க."

கீழே வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பையைப் பார்த்துவிட்டு, காலி பண்ணுகிறாயா என்று கேட்டாள். இல்லை, அறை என்னுடையதுதான், மேலே இரண்டு பேர் இருக்கிறார்கள், எண்ணிக்கொள்ளுங்கள் என்றாள் இஸ்திரி. அந்த அம்மாள் மாடியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். இஸ்திரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.