மாமாவின் அலுமினியத் தகடு

மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில், ஒலிவ் விற்கும் கடையொன்றில், கண்ணூறு படாமல் வீட்டில் மாட்டும் நீலக் கண்ணாடிக் கண் ஒன்று தொங்கியது. அதைக் கண்டதும் எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிட்டது.

அப்பாவின் அகதி விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பில் மந்திரத் தகடு எழுதிப் பழகிய மாமாவுக்கு மொன்றியலில் செப்புத் தகடு கிடைக்கவில்லை. வேலை செய்த உணவகத்திலிருந்து அலுமினியத் தட்டொன்றைக் கொண்டுவந்து வெட்டினார். ஆணி முனையால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகக் கீறினார். அந்தக் கிறீச் சத்தத்தில் பல் கூசியது; ஆனாலும் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எழுத்துகள் தமிழ் மாதிரியும் இருந்தன, இல்லாத மாதிரியும் இருந்தன. வெண்ணெய் வாசம் போகாத அந்தத் தகட்டை வாசல் நிலையில் அறைந்தார்.

மறுநாள் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியான கிரேக்கப் பெண் படியேறி வந்து அதை உற்றுப் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

“சொல்லாத புள்ள. விளங்கினா சக்தி போயிரும்” என்றார் மாமா.

அதையே பிரெஞ்சில் சொன்னேன். அவள் இறங்கிப்போய்ச் சுத்தியலோடு திரும்பி வந்தாள்.

“எங்கள வீட்ட விட்டு எழுப்பப் போறா” என்றார் அம்மா.

வீட்டுக்காரி சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு நீலக் கண்ணை எடுத்து, தகட்டுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

அப்பாவின் வழக்குச் சரிவந்த அன்று வாசலில் பெரிய சண்டை. அம்மா தகட்டைக் காட்டினார். வீட்டுக்காரி நீலக் கண்ணைக் காட்டினாள். நடுவில் நின்ற அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார்.

சந்தையில் அந்தக் கண்ணை வாங்கிக்கொண்டேன். தகடு இப்போது என் வாசலில் தனியாக இருக்கிறது. சண்டை பிடிக்க அதற்கும் ஓர் ஆள் வேண்டும்.