மஸ்கட்டுக் குழியடுப்பு

நாற்பத்தாறு வயதில், ஓர் அடுப்பை மூட்டத் தெரியாமல், ஐந்து வீட்டுப் பங்காளிகளையும் ஒரு குலசாமியையும் பகல் இரண்டு மணி வரை பட்டினி போட்டவன் நான். வெளியே சொன்னால் வெட்கம்தான். என்னைப் போல ஊரை விட்டு வந்தவர் யாராவது அடுத்த லீவில் போய் இதே கூத்தை அடித்துவிடக் கூடாதே என்று சொல்லிவைக்கிறேன்.

இங்கே மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை விடிந்தால் எனக்கு அறைக்குள் இருப்புக் கொள்ளாது. எட்டுக் கட்டில், ஓயாமல் உறுமும் ஏசி, எட்டுப் பேரும் ஊரை நினைத்து விடும் பெருமூச்சு. நாலு பேர் சேர்ந்து கம்பெனி பிக்கப்பில் ஏறி மணல்வெளிக்குப் போய்விடுவோம். கம்பி கட்டிய பால் பவுடர் டின்தான் எங்கள் பானை. ஒரு கரண்டி, இரண்டு அலுமினியத் தட்டு, விறகுக்கு மெஷின் வந்த பெட்டியின் பலகை. மதுரைக் காளவாசல் ஒர்க் ஷாப்பில் பதினைந்து வருடம் ஸ்பானர் பிடித்தபோது, சாப்பாடு தூக்குவாளியில்தான் விளையும் என்று நம்பியிருந்தவன் நான். சோறு வடிக்கப் பழகியதே இந்த மணலில்தான்.

முதல் தடவை போனபோது மூன்று கல்லைக் கூட்டித் தீ வைத்தோம். அடித்த காற்றில் தீ ஒரு பக்கம் போனது, டின் ஒரு பக்கம் உருண்டது. அப்போது ஆடுகள் ஏற்றிய பிக்கப் ஒன்று வந்து நின்றது. இறங்கிய அரபி கையை வீசிக் கத்த ஆரம்பித்தார். என்னோடு இருந்த காதர், மதுரை டவுனுக்குள்ளேயே பிறந்தவன், பயந்துவிட்டான். "மாப்ள, அவரு இடம் போல. சாமானை எடு, ஓடிருவோம்." நான் டின்னைத் தூக்க, அந்த மனிதர் அதை என் கையிலிருந்து பிடுங்கினார். மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டினார். குழிக்குள் தீயை வைத்து, மேலே இரண்டு கம்பியைக் குறுக்கே போட்டு, டின்னை ஏற்றினார். தீ அசையாமல் நின்று எரிந்தது. அவருக்குக் கோபமே இல்லை. காற்றில் கேட்காதென்றுதான் கத்தியிருக்கிறார். அன்றிலிருந்து நான் குழியடுப்பு நிபுணன். அந்தப் பட்டம் எனக்கு நானே கொடுத்துக்கொண்டது.

போன மாசி மாதக் குலசாமி கும்பிடுக்கு முன்னால் என் மனைவி பாண்டியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. "இந்த வருசமாச்சும் நம்ம அடுப்புக்கு நீங்க வந்து தீ வைக்கணும். நாலு வருசமா கொழுந்தன் எப்ப வருவாகன்னு பானையை வச்சுக்கிட்டு நிக்கிறேன்." எங்கள் வழக்கத்தில் வீட்டுக்காரன்தான் தீ வைக்க வேண்டும். அவன் இல்லாவிட்டால் பங்காளி ஒருவன். ஐந்து பானையும் பொங்கி வழிந்தால்தான் படையல். படையல் ஆகாமல் யாரும் வாயில் பருக்கை வைக்கக் கூடாது. லீவு சொல்லிவிட்டுப் பறந்தேன். பழங்காநத்தத்து வீட்டில் மூன்றாம் நாளே எனக்குக் கால் நிற்கவில்லை. வாசலுக்கும் தெருமுக்குக்கும் நடந்துகொண்டிருந்தேன். "அங்க இருந்தா இங்க நெனப்பு, இங்க வந்தா அங்க நெனப்பு" என்றாள் பாண்டியம்மா, அரிசி புடைத்தபடி.

எங்கள் சாமி இருப்பது திருநகர் தாண்டி, திருமங்கலமும் தாண்டி, ஒரு கரிசல் காட்டுக்குள். மற்ற நாலு வீட்டாரும் மும்மூன்று கல்லைக் கூட்டிக் கருவேல முள்ளைச் செருகினார்கள். நான் மண்வெட்டி கேட்டேன்.

"எதுக்கண்ணே?" என்றான் தம்பி முருகேசன்.

"பாரு, எப்பிடி எரியுதுன்னு."

முழங்கால் ஆழம் தோண்டினேன். பூசாரிப் பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, இங்கயும் எண்ணெய் எடுக்கப் போறியா?" கூட்டம் சிரித்தது. பாண்டியம்மா சிரிக்கவில்லை. புதுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியையே பார்த்தாள்.

மஸ்கட் மணலில் காற்றுதான் எதிரி. தீயை ஒளித்துவைக்க வேண்டும். கரிசல் காட்டிலோ மாசி வெயிலில் ஓர் இலை ஆடவில்லை. தீக்கு மூச்சு வேண்டும். இது எனக்குப் புரிய ஒன்றரை மணி நேரம் ஆனது. கெட்டியான கரிசல் குழி, புகையைத் தவிர எதையும் வெளியே விடவில்லை. நான் ஊதினேன், விசிறினேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். ஒவ்வொரு பானையாகப் பொங்க, பெண்கள் குலவையிட்டார்கள். நான்கு குலவை. ஐந்தாவது வரவில்லை. எல்லோரும் எங்கள் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மஸ்கட்டுல சோறு நாளைக்குத்தான் வேகுமோ?" என்றது பின்னாலிருந்து ஒரு பசித்த குரல்.

முருகேசன் அவனுடைய அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையோடு வந்தான். "நகருங்கண்ணே, நான் வைக்கிறேன்."

"நீங்க உங்க அடுப்பைப் பாருங்க தம்பி" என்று பாண்டியம்மா தடுத்தாள். முந்தானையால் பானையை இறக்கினாள். மூன்று கல்லைத் தானே பொறுக்கி வந்து கூட்டினாள். முள்ளை அடுக்கினாள். தீப்பெட்டியை என் கையில் திணித்தாள். "இப்ப வைங்க."

வைத்தேன். கால் மணி நேரத்தில் பானை பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. குலவை எழுந்தது. அவள் குலவை எனக்குத் தனியாகக் கேட்டது.

இதை எழுதும் இந்த வெள்ளிக்கிழமையும் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஏதோ நினைப்பில் மூன்று கல்லைக் கூட்டித் தீ வைத்துவிட்டேன். காற்று வந்து வாரிக்கொண்டு போனது. "மாப்ள, உனக்கு என்னாச்சு?" என்று கேட்டபடி காதர் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான்.

அவனிடம் கும்பிடு பற்றி எல்லாம் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை. பாண்டியம்மா மடியில் பானையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னதான் இருந்தாலும், நான் வச்ச தீயிலதான பொங்குச்சு?" என்றேன்.

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"நீங்க இல்லாத நாலு வருசமும் வெரசாப் பொங்குச்சு."