ஒற்றை விசில்

அந்தத் தெருவில் கண்டக்டரம்மா என்றால் அவள் ஒருத்திதான். இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் நின்றே கால் தேய்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்தை விட்டு விசிலை இறக்கவில்லை. அந்த பஸ்ஸை ஓட்டிய டிரைவர்தான் புருஷன். தினமும் சண்டை போட்டார்கள். சண்டை முற்றிக் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது, வேறென்ன!

இப்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். குளத்துக்குள் தூண் நட்டு, அதன் மேல் கோழிக்கூண்டு. தரைப்பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருந்தார்கள். கோழியின் எச்சமும் சிந்தின தீனியும் அது வழியாகத் தண்ணீரில் விழும். அதைத் தின்று மீன் கொழுக்கும். வேளைக்கு வேளை அவள் இரண்டு விசில் கொடுப்பாள். மேலே கோழிகள் பாய்ந்து வரும், கீழே மீன்கள் கூண்டுக்கு அடியில் வந்து முட்டி மோதும். எப்படி ஊதினாலும் சாப்பாடு என்றுதான் அந்த ஜென்மங்களுக்கு நினைப்பு.

அன்று காலை எதிர்க்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் சும்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். டிரைவர் கூண்டுக்குள் நிற்கிறார். கையில் மஞ்சள் டப்பா. அரிவாளைக் கீழே போட்டாள்.

அது கோழிப்பேன் மருந்து. கோழியை ஒன்றும் செய்யாது, ஆனால் தண்ணீரில் கலந்தால் மீன் மிஞ்சாது என்று கடைக்காரர் நூறு தடவை சொல்லிக் கொடுத்திருந்தார். கோழிகளைக் கரைக்குக் கொண்டுவந்துதான் தூவ வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பரண்மேல் வைத்தவள், கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துபோனாள்.

"என்னங்க! தூவாதீங்க!"

அவருக்கு எங்கே கேட்கப் போகிறது? இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காதில் பாதி போய்விட்டது. கரையைச் சுற்றி ஓடினால், போய்ச் சேர்வதற்குள் டப்பா காலியாகிவிடும். விசில் அடித்தால் அவருக்குக் கேட்கும். ஆனால் கோழிகள் அவர் மேல் பாயும், மீன்கள் எல்லாம் சரியாக அவர் காலடியில் வந்து கூடும். எட்டு மாசம் பிள்ளை மாதிரி வளர்த்த மீன்கள்.

அவர் மூடியைத் திறந்துவிட்டார்.

அவள் ஊதினாள். ஒரே ஒரு விசில். ஒன்று என்றால் நிறுத்து.

டிரைவரின் வலது கால் பலகையை அழுத்தி மிதித்தது. அப்படியே நின்றார். மறு நொடியே கோழிப்பட்டாளம் அவர் மேல் விழுந்தது. டப்பா சாய்ந்தது. என்ன ஏது என்று தெரியாமலேயே அவர் அதை வயிற்றோடு அணைத்துக் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் மூச்சிரைக்க ஓடி வந்து மூடியை அழுத்தி மூடினாள். "அசையாதீங்க. இது மீனுக்கு விஷம்."

அவர் முகம் செத்துப்போனது. "உன் கையெல்லாம் பேன் கடிச்சுத் தடிச்சுக் கெடக்கேன்னு பார்த்தேன்மா. நீ வர்றதுக்குள்ள தூவிடலாம்னு…"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மருந்து கொட்டியிருந்த அவர் சட்டையை மெதுவாகக் கழற்றிச் சுருட்டினாள். பலகையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். இடுக்கு வழியாக எவ்வளவு இறங்கியது என்று மட்டும் இருவருக்கும் தெரியவில்லை.

நாள் முழுக்கக் கரையிலேயே கிடந்தார்கள். மத்தியானம் ஒரு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. அப்புறம் இரண்டு. பொழுது சாய்வதற்குள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அதன் பிறகு தண்ணீரில் ஒரு அசைவும் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தீனி வேளை வந்தது. விசிலை வாய்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

"முடியலங்க. ஊதி, ஒண்ணுகூட வரலேன்னா?"

"நீ விசில் குடுக்காம நான் என்னைக்காவது வண்டிய எடுத்திருக்கேனா? குடும்மா."

இரண்டு கொடுத்தாள். மேலே கோழிகள் தடதடத்தன. கீழே தண்ணீர் அப்படியே கிடந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூண்டின் நிழலில் ஒரு வாய் திறந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தண்ணீரே தெரியவில்லை, அவ்வளவு வாய்கள்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தீனி வாளியை அவர் கையில் திணித்தாள்.

"ரைட்… போலாம்," என்றாள்.