ஒரே மாதிரி இரண்டு பேசின்

எங்கள் பெண்பூனைக்குப் பருவம் வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிடும். தொண்டை கிழியக் கத்தும், தரையில் புரளும். அதோடு நிற்காது. மண் நிரப்பி வைத்த தன் பேசினை ஏறெடுத்தும் பார்க்காமல், வீடெங்கும் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டு வைக்கும். ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நான் சொன்னால் அம்மாவுக்குப் பொறுக்காது. "பொம்பளப் பிள்ளைலா அது. ஒரு தடவையாச்சும் குட்டி போடட்டும்" என்பாள்.

எண்பதுகளில், நான் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம், பூனை அப்பாவின் வேலைச் சப்பாத்துக்குள் மூத்திரம் போய்விட்டது. காலை விட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒற்றைக் காலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "இன்னொரு தடவை நடந்துச்சு, சாக்குல கட்டி போர்ட் கிள்ளான் ரயில்ல ஏத்திருவேன். மீன் பாசார்ல கெடக்கட்டும்." அப்பா ரயில்வே ஆள், சொன்னால் செய்வார். அந்தப் பூனை என் காலடியில்தான் தூங்கும்.

அந்த வாரம்தான் அம்மா, நான் பாஸாக வேண்டுமென்று மாரியம்மனுக்கு முளைப்பாரி நேர்ந்துகொண்டாள். முளை செழித்தால் வேண்டுதல் பலிக்கும், கருகினால் பலிக்காது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நான் பூனைக்கு வாங்கியபோது ஜோடியாக வந்த இன்னொரு சிவப்பு பேசினில் மண் கொட்டி, பயறு விதைத்து, ஸ்டோர் ரூமில் வைத்தாள். இருட்டு, அமைதி, பதமான மண். கதவின் அடியில் பூனை நுழையுமளவு உளுத்த ஓட்டை வேறு. இதைவிட நல்ல கக்கூஸை நானே அதற்குக் கட்டிக் கொடுத்திருக்க முடியாது.

ஐந்தாம் நாள் அம்மா அழுதுகொண்டே வெளியே வந்தாள். முளையில் பாதி கருகிச் சாய்ந்து கிடந்தது. "தெய்வம் காட்டிருச்சுடி. நீ தேற மாட்ட." அவளுக்கு ஜலதோஷம், மூக்கடைத்திருந்தது. எனக்கு அடைக்கவில்லை. வாசலில் நின்றபோதே விஷயம் புரிந்துவிட்டது. சொன்னால் பூனைக்குப் போர்ட் கிள்ளான். வாயை மூடிக்கொண்டு, முகப்பவுடரை அறையெங்கும் தூவினேன். நாற்றத்துக்குக் கல்யாணக்களை வந்ததுதான் மிச்சம்.

அம்மா விரதம் இருக்கத் தொடங்கினாள். முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள், பசியில் சுவரைப் பிடித்து நடந்தபடி, எனக்கு மட்டும் அப்பளம் பொரித்துத் தட்டில் வைத்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பூனைம்மா. அதுதான் முளைமேல போயிருக்கு."

அப்பா எழுந்து சாக்கைத் தேடினார். அம்மா மூக்கில் தைலம் தேய்த்துக்கொண்டு, ஸ்டோர் ரூமுக்குள் போய், பேசின்மேல் குனிந்து மூச்சை ஆழமாக இழுத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"வெறும் பூனை மூத்திரம்! எம்பிள்ள பாஸ் பண்ணிருவா!" அப்பா கையிலிருந்த சாக்கைப் பிடுங்கினாள். "ரெண்டு பேசினும் ஒண்ணாட்டம் இருந்தா அது என்ன செய்யும்? நாளைக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. குட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஆபரேஷன் முடிந்த பூனை நாளடைவில் சாதுவாகத் தன் பேசினுக்கே திரும்பியது. புதிதாக விதைத்த முளை காடாக வளர, அம்மா அதைக் கோயிலுக்குப் பெருமையாகச் சுமந்தாள். அம்மனே பொறுப்பேற்றுக்கொண்டாள் என்ற தைரியத்தில் நான் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் தோல்வி. அம்மா திட்டவில்லை. நேராக ஸ்டோர் ரூமுக்குள் போனாள். மூலை மூலையாக அவள் மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, என் காலடியில் தூங்கிய பூனையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பூனை மேல தப்பு இல்லடி" என்றாள்.