மண்ணெண்ணெய்க் காலத்து வல்லரசுகள்

தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துகிறவனுக்கு மிசின் பழுதாவதில் கவலையே இல்லை. அதை இன்னொருவன் திருத்திவிட்டால்தான் சாப்பாடு இறங்காது. உங்கள் தொழிலிலும் பக்கத்துத் தெருவில் ஒருவன் இருப்பான். அவன் கடையில் கூட்டம் நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோலச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போயிருப்பீர்கள். ஆகவே என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சண்டைக்காலம். வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றறி, மிசின் சாமான் எதுவும் சோதனைச்சாவடி தாண்டி வராது. எங்கள் ஊரான இலுப்பைக்கடவையில் பெற்றோல் மிசின்களை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். ஊசி மருந்தேற்றும் சிரிஞ்சால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இந்த வித்தை தெரிந்த ஒரே மெக்கானிக் நான்தான், ராமையா வரும்வரை.

தேயிலைத் தொழிற்சாலைக்காரன்

ராமையா மலையகத்திலிருந்து வந்து குடியேறியவன். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களோடு பத்து வருடம் மாரடித்தவனாம். "எண்ணெய் போட்டவனெல்லாம் மெக்கானிக்கோ?" என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சொன்னது பொறாமையில்தான், இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

என் மாமா, அதாவது மனைவியின் தகப்பன், மூன்று ஏக்கர் வயல்காரர். என் முதல் வாடிக்கையாளரும் அவர்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைக் கொழுவி உலகச் செய்தி கேட்பார். என் கொள்கையோ ஒன்றே ஒன்று: யப்பான் மிசினுக்கு யப்பான் சாமான். அது வரும்வரை மிசின் என் பட்டறைக் கொட்டிலில் படுத்திருக்கும். ராமையா இல்லாத சாமானைத் தானே வெட்டி, ராவிச் செய்துவிடுவான். ஒருநாள் மாமா என் கொட்டிலில் வரிசையாகப் படுத்திருந்த மிசின்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அமெரிக்காவும் யப்பானும் கார் விக்கிறதில கொழுவிச் சண்டையாம். ஒருத்தன் சாமான் தரமாட்டன் எண்டால் மற்றவன் தானே செய்யப் பழகிறானாம். இஞ்ச ராமையா எப்பவோ பழகியிட்டான்."

தூரத்தில் நின்று கற்ற தொழில்நுட்பம்

மண்ணெண்ணெயில் ஓடும் மிசின் உள்ளுக்குள் 'டக் டக்' என்று தட்டும். ராமையா கை வைத்த மிசின்கள் தட்டவில்லை. அரம் ஒன்று இரவல் கேட்கிற சாட்டில் போய், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மிசினின் தலையைக் கழற்றி, காற்றுப் போகாமல் இடையில் வைக்கும் வழக்கமான கேஸ்கட்டோடு மண்ணிறத்தில் இன்னொன்றும் வெட்டி வைத்துப் பூட்டினான். மண்ணிறம் என்றால் மட்டைதானே? அரத்தை மறந்துவிட்டு ஓடிவந்து, சவர்க்காரப் பெட்டி மட்டையில் ஒன்று வெட்டினேன்.

அதைச் செல்லம்மா அக்காவின் வெங்காயத் தோட்டத்து மிசினுக்குப் பூட்டினேன். கால் மணித்தியாலம் தட்டல் இல்லாமல் ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு 'புஸ்' என்று காற்றுப் போய், கருகல் மணம் தோட்டமெல்லாம் பரவியது. அக்கா மிசினை ராமையாவிடம் கொண்டுபோனார். அவன் வைத்தது செம்புத் தகடு என்று அங்கேதான் தெரிந்ததாம். திரும்பி வரும் வழியில் என் கொட்டிலில் நின்று சொன்னார்: "தம்பி, இனிமேல் களவாப் பாக்கிறதெண்டால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாரும்."

புகைப் பேச்சுவார்த்தை

மண்ணெண்ணெய் மிசின் புகைக்கத்தான் செய்யும். ஆனால் வாய்க்காலின் அந்தக் கரையில் ராமையா திருத்திய மிசின் மெல்லிசாகப் புகைக்க, இந்தக் கரையில் நான் திருத்தியது கறுப்பாகக் கக்கியது. அடுத்தவன் புகையின் நிறத்தில்கூடப் பொறாமைப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாமா சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "உலகம் சூடாகுதாம் தம்பி. பெரிய நாடுகள் எல்லாம் கூடியிருந்து, ஆர் புகையைக் குறைக்கிறதெண்டு கதைக்கினமாம். ஒருத்தரும் முதல்ல குறைக்க மாட்டினமாம், உம்மை மாதிரித்தான்."

ஒரேயொரு பிளக்

மழையில்லாத சிறுபோகத்தில் மாமாவின் நெல் கதிர் பொதியும் குடலைப் பருவத்தில் நின்றபோது, பார்த்து வைத்ததுபோல் மிசின் நின்றது. அவர் அதை என்னிடம் கொண்டுவரவில்லை. ராமையாவிடம் கொடுத்துவிட்டார் என்று மனைவி சொல்லித்தான் அறிந்தேன். சொந்த மாமா! அன்று நான் சாப்பிடவேயில்லை.

பின்னேரம் ராமையா என் வாசலில் வந்து நின்றான். "அண்ணே, பிளக்கோட பீங்கான் வெடிச்சிருச்சு. அத மட்டும் என்னால செய்ய முடியாது. உங்ககிட்ட ஒண்ணு இருக்குங்களா?" என்று கேட்டான். இருந்தது. வவுனியாவிலிருந்து உறவுக்காரர் ஒருவர் கோதுமை மாப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்த, மிசினுக்குள் நெருப்புப் பொறி தட்டும் புதுப் பிளக். இல்லை என்றேன். அவனாலும் முடியாத ஒன்று இருக்கிறதே என்று அவ்வளவு சந்தோசம்.

மூன்றாம் நாள் வயலுக்குப் போனேன். நிலம் வெடித்து, நெல்லின் இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன. மாமா வரம்பில் குந்தியிருந்தார். இரண்டு நாளாக அவர் செய்தியும் கேட்கவில்லையாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிளக்கை எடுத்துக்கொண்டு ராமையாவிடம் போய், "தேடிப் பாத்தன், கிடந்தது" என்றேன். அவன் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "நீங்களே பூட்டுங்கண்ணே" என்று ஸ்பானரை என் கையில் தந்தான். அவனுடைய அந்தப் பெருந்தன்மையிலும் எனக்குப் பொறாமை வந்தது.

மிசினை இருவரும் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் வைத்து ஸ்டார்ட் கயிற்றை இழுத்தோம். பிடித்துக்கொண்டது. தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கி, வயலெல்லாம் பரவியது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிளக் என்னுடையது, பூட்டியவன் நான், மருமகனும் நான். அவரோ என்னைத் தாண்டிப் போய், ராமையாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ இல்லாட்டி என்ர நெல்லு கருகியிருக்கும், மோனை." எனக்குத் 'தம்பி', அவனுக்கு 'மகனே'!

அதற்குப் பிறகு இரண்டு வல்லரசுத் தலைவர்கள் கைகுலுக்கும் படம் பத்திரிகையில் வந்தால், சிரித்துக்கொண்டு நிற்கும் இருவரில் வயிறு எரிகிறவர் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது.