ஒயிட் பேலன்ஸுக்கு வந்த கொக்கு

ஒரு மீன்கொத்தியின் கலரைக் கூட்டிக் கூட்டி, சொட்டு நீலத்தில் முக்கி எடுத்ததுபோல ஆக்கி, அதை எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போட்டு, "எந்த பெயின்ட் கம்பெனி சார்?" என்று கேட்கப்பட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு சொல்லப்போவதை எப்படியும் நீங்கள் நம்பப்போவதில்லை. பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டு பலனை இன்றுவரை அனுபவித்துவருபவன்.

பாரிவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் பின்னால், எங்களுக்கே சொந்தமாக ஒரு குட்டை இருக்கிறது. அதை மூடி கார் நிறுத்தலாமா என்று ஞாயிறு மாலை ஓட்டெடுப்பு. குட்டைக் கோரைக்குள் ஒரு நீலத் தாழைக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. ஆள் அரவம் கேட்டால் ஒளிந்துகொள்ளும், ஆகவே குட்டையைக் காப்பாற்ற எனக்குப் போட்டோதான் சாட்சி. சங்கச் செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "கொண்டாங்க சார், பார்ப்போம். ஆனா மீன்கொத்திக்கு அடிச்ச மாதிரி இதுக்கும் பெயின்ட் அடிச்சிராதீங்க."

சனிக்கிழமை காலை மழையில், பூந்தமல்லி நண்பன் நிஜாம் குடை பிடிக்க, நான் சேற்றில் படுத்து எடுத்தேன். அவசரத்தில் கேமராவைக் குண்டு பல்பு வெளிச்சத்துக்கான அமைப்பிலேயே விட்டிருக்கிறேன். எல்லாம் நீலம். டீத்தண்ணீர் நிறத்துக் குட்டை அந்தமான் கடலாகியிருந்தது. இதை எங்கள் குட்டை என்று எவன் நம்புவான்? படத்தில் வெள்ளையாக உள்ள ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால் கம்ப்யூட்டர் மற்ற நிறங்களைத் தானே சரிசெய்துவிடும்; ஒயிட் பேலன்ஸ் என்பார்கள். என் படத்தில் கோரை, சேறு, கோழி. வெள்ளை என்று ஒரு புள்ளி இல்லை. கண்ணளவில் திருத்தலாம்தான், ஆனால் என் கண்ணின் லட்சணம் ஊருக்கே தெரியும்.

நம்பினால் நம்புங்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு. இவ்வளவு நேரம் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு அதன் கழுத்தைத் தொட்டேன், அவ்வளவுதான், தண்ணீர் டீயாயிற்று, கோரை பச்சையாயிற்று, கோழியின் அலகு சிவந்தது, குஞ்சுகள் கரி உருண்டைகளாக மிதந்தன. கலரைக் கொஞ்சம் கூட்டலாமே என்று கை போனது. காபியோடு வந்த மனைவி, "கையை எடுங்க. கொக்கு எவ்ளோ நல்லா இருக்கு, ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள்.

கூட்டத்தில் செயலாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நம்ம குட்டைதான் சார். அந்தத் தண்ணி நிறம் எனக்குத் தெரியாதா" என்றார். குட்டை பிழைத்தது. குஞ்சுகள் இப்போது தாயைவிடப் பெரிதாகச் சத்தம் போடுகின்றன.

பிறகு, வரவேற்பறையில் மாட்டப் பெரிதாக அச்சிட்டு வாங்கிவந்தேன். இடது ஓரத்தில் வெறும் கோரை. கம்ப்யூட்டரிலும் கோரை. அன்று எடுத்த எந்தப் படத்திலும் கொக்கு இல்லை. பார்த்தேன் என்று மனைவி இன்றும் சாதிக்கிறாள். பச்சைக் கோரையைத் தொட்டால் படம் ஊதா அடித்துப்போக வேண்டும். மற்ற இடங்களில் அப்படித்தான் ஆகிறது. கொக்கு நின்ற அந்த இடத்தை மட்டும் தொட்டால், இன்றைக்கும், நிறமெல்லாம் சரியாக வந்து நிற்கிறது.

நிஜாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"கொக்கு வந்துச்சோ இல்லியோ, உடு மாமே. ஒன் கையில மாட்டாம ஒரு படமாச்சும் தப்பிச்சிகீது."